பிரிக்காமல் கிழித்த சீட்டு

இரண்டு சீட்டிலும் என் பெயரைத்தான் எழுதினேன். இதை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய மற்றவர்களிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் நான் பட்ட பாடு போதும்.

நானும் சாவியும் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் மெக்கானிக்குகள். சாவி என்பது அவனுடைய சொந்தப் பெயரல்ல. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் சத்தம் ஆளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும், அதனால் அப்படி ஆகிவிட்டது. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் நான் வாத்தியார். 'பழுது, படியில் செல்லவும்' என்று நான் எழுதி ஒட்டினால், திட்ட வந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் திட்டுவார்கள்.

எட்டு லிஃப்ட். எட்டும் எட்டு வயதில், எட்டு குணத்தில். மூன்றாவது லிஃப்ட் மழை பெய்தால் கதவை மூடாது. ஆறாவது, நான்காம் மாடியில் நிற்கச் சொன்னால் ஒரு சாண் தள்ளி நிற்கும். அவற்றின் குணமெல்லாம் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். இரவுக்கு வேறு ஆட்கள் உண்டு. பகலில் எங்களில் ஒருவர் கட்டிடத்துக்குள் இருந்தே தீர வேண்டும் என்பது எங்கள் மேலதிகாரி மேடத்தின் சட்டம். அறுவை சிகிச்சைக்குப் போகிற நோயாளி இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அதன் பொருள் என்னவென்றால், பள்ளிக்கூட லீவு விடுகிற அந்தப் பதினைந்து நாளில் எங்களில் ஒருவனுக்குத்தான் விடுப்பு.

ஆரம்பத்தில் ஒரு வருடம் அவன், ஒரு வருடம் நான் என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை என் பெண்ணுக்கு அம்மை போட்டு, என் முறை வீணாகி, அடுத்த வருடம் யார் முறை என்பதில் தகராறு வந்தது. மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. 'ஐந்தாவதில் பிரேக் சத்தம் போடுகிறது' என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ஒருவர் மேஜையில் ஒருவர் வைத்துக்கொண்டிருந்தோம். மேடம் பார்த்தார், இனிமேல் சீட்டுக் குலுக்கல்தான் என்று சொல்லிவிட்டார்.

கையெழுத்து நன்றாக இருப்பதால் சீட்டு எழுதுவது நான். சுருட்டி, வாஷர் போட்டு வைக்கும் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது சாவி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் படிப்பது மேடம். டப்பாவில் மிஞ்சிய சீட்டைத் தோற்றவன் எடுத்து, பிரிக்காமல் கிழித்துப் போட வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு சாவியுடையது. "பிரிச்சுப் பாத்தா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்யா. நமக்குள்ள அது வேணாம்" என்று முதல் வருடமே சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் தொடர்ந்து அவன் பெயர் வந்தது. நான்கு வருடம் தொடர்ந்து நான் என் சீட்டைப் பிரிக்காமல் கிழித்தேன். என் பையன், ஏழு வயது, வீட்டில் அவனுக்கு வால் என்று பெயர். லீவில் எங்கே போனாய் என்று கேட்ட டீச்சரிடம், "எங்கப்பாவுக்கு லீவு குடுக்க மாட்டாங்க மிஸ், அவரு இல்லன்னா எல்லாரும் செத்துருவாங்க" என்று சொல்லியிருக்கிறான். என் மனைவி சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் வருடம், சீட்டு எழுத உட்கார்ந்தபோது, முதல் சீட்டில் 'வாத்தியார்' என்று எழுதினேன். இரண்டாவதை எடுத்தேன். பேனா நிற்கவே இல்லை. அதிலும் 'வாத்தியார்' என்று எழுதிச் சுருட்டிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் யோசித்துத்தான் செய்தேன். மேடம் என் பெயரைப் படித்ததும் சாவியின் முகம் ஒரு நொடி இறங்கியது. உடனே சமாளித்துக்கொண்டு என் முதுகில் ஓங்கித் தட்டினான். "அப்பாடா, ஒரு வழியா உனக்கும் விழுந்துச்சே! எனக்கே கூச்சமா இருந்துச்சுயா" என்றான். பிறகு டப்பாவிலிருந்து என் பெயர் எழுதிய சீட்டை எடுத்து, பிரிக்காமல், நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். அவன் சாப்பிடப் போனதும் நான் அந்த நான்கு துண்டையும் பொறுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். ஒரு துண்டு மட்டும் மூன்று முறை மேலே வந்து மிதந்தது.

வீட்டில் அன்றைக்கே திட்டம் ஆரம்பித்துவிட்டது. கடற்கரை ஓரம் ஒரு வீடு, ஒரு வாரம். அங்கிருந்து மலை, இன்னொரு வாரம். என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், லென்ஸ் அளவு எழுதி எழுதி எதையும் புள்ளி பிசகாமல் எழுதிப் பழகியவள். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். ரயிலில் ஜன்னல் ஓரம் யார் எப்போது என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அரை மணிக்கு ஒருவர் என்று முறை போட்டாள். அதில் தனக்கும் மூன்று அரை மணி வைத்துக்கொண்டாள்.

"உனக்கு எதுக்கும்மா ஜன்னல்?" என்றான் வால்.

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பாத்த பெரிய தண்ணி நம்ம பாத்ரூம் வாளிதான்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சந்தோஷப்பட்டதைப் பார்த்து நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நான் நோட்டைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவள், பதினொரு வயது, என் முகத்தையே பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு லீவு போடத் தெரியலம்மா, இப்பவே லிஃப்ட நெனச்சுக் கவலைப்படுறாரு" என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டி பற்றாது என்று தெரிந்ததும் சாவியே கூப்பிட்டான். "என்கிட்ட பெருசா ஒண்ணு சும்மா கிடக்கு. ஞாயித்துக்கெழமை வந்து தூக்கிட்டுப் போ." அவன் வீட்டுக்கு நான் போய் மூன்று வருடம் இருக்கும். மத்தியானம் போனேன். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே ஒருவர் மட்டும் வாழ்கிற வீட்டின் சுத்தம் இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், துவைத்துப் போட்ட யூனிஃபார்ம் இரண்டு.

"வீட்ல இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லய்யா." பெட்டி மேலிருந்த தூசியைத் துணியால் தட்டிக்கொண்டே சொன்னான். "ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்க வேற ஊர்ல. பிரிஞ்சிட்டோம். உன்கிட்ட சொல்லணும்னுதான் நெனச்சேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, அப்படியே போயிடுச்சு."

இரண்டு வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். மோட்டார் லேசாகச் சுருதி மாறினாலே கண்டுபிடிக்கிறவன் நான் என்று ஊருக்கெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. சின்னக் கட்டில். சுருக்கமில்லாமல் விரித்த பூப்போட்ட போர்வை. சுவரில் ஒரு காலண்டர், அதில் அந்தப் பதினைந்து நாளைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு, புதிதாகப் போட்டது.

"பள்ளிக்கூட லீவுக்குப் பதினஞ்சு நாள் பொண்ணு என்கூட இருக்கும். கோர்ட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு" என்றான் சாவி. "ஆனா நான் முழு நேரமும் வீட்ல இருக்கணும். வேலைக்குப் போறதா இருந்தா அனுப்ப மாட்டாங்க. அதுவும் சரிதானே, எட்டு வயசுப் பிள்ளைய தனியா விட்டுட்டா வர முடியும்? இந்த வருஷம் இல்லன்னு ஆயிடுச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேய்யா."

"கேட்டா நீ குடுத்துடுவ. உன் பிள்ளைங்க நாலு வருஷமாக் காத்துட்டு இருக்குதுங்க, அதுங்க வயித்தெரிச்சல் எனக்கு எதுக்கு? சீட்டுன்னா சீட்டுதான்."

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. பெண்தான். அவன் குரலே மாறிவிட்டது. பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஸ்கூலில் நடந்த என்னென்னவோ கேட்டான், சிரித்தான். பிறகு, "இல்லடா தங்கம்... அப்பா பொய் சொல்லலடா. இந்தத் தடவ சீட்டு மாமாவுக்கு விழுந்துடுச்சு. அவரும் பாவம்தானே, நாலு வருஷமா அவருக்கு விழவே இல்ல. நம்ம மட்டும் ஜெயிச்சா எப்படி?" என்றான்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றும் இல்லாத பெட்டி. பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் நான்கு முறை கீழே வைத்தேன்.

வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்: நான் ஏமாற்றிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்ல வேண்டும், நாளைக் காலையில் சாவியிடமும் மேடத்திடமும் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தவள் பெட்டியைப் பார்த்து, "அடேயப்பா, இதுல உங்களையே மடிச்சு வெச்சிடலாம்" என்றாள். நான் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு நிறுத்தினேன். வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. சாவி பிரிந்திருப்பதைச் சொன்னேன், பெண்ணைச் சொன்னேன், காலண்டரைச் சொன்னேன். கடைசியில், "நம்ம லீவ அவனுக்கு விட்டுக்குடுத்துடலாமான்னு பாக்குறேன்" என்று முடித்தேன். அவ்வளவும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

அவள் குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த டம்ளரையே மறுபடி கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"குடுத்துடுங்க" என்றாள். "அந்தக் கொழந்தைகிட்டேர்ந்து புடுங்கிட்டுப் போயி என்ன கடலப் பாக்கப் போறோம்? பசங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பேசுனா வால் உங்களக் கரைச்சிடுவான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். புடுங்கியது நாம் இல்லை, நான் என்று சொல்லியிருக்கலாம். அவள் என் தோளில் கை வைத்து, "உங்கள என்னமோன்னு நெனச்சேன், பெரிய மனசுதான் உங்களுக்கு" என்று சொன்ன பிறகு, என் வாய் பூட்டிக்கொண்டது.

வால் பெட்டியை எட்டி உதைத்தான். காலில் அடிபட்டு, அதற்கும் சேர்த்து அழுதான். "அவங்க அப்பாவ வேற நாளைக்கு லீவு போடச் சொல்லு!" என்று கத்தினான். பெரியவள் அழவில்லை. நோட்டில் ஜன்னல் முறை எழுதிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பாப்பா அவங்கப்பாவ வருஷத்துல பதினஞ்சு நாள்தான் பாக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமாடா."

"நாங்க உங்கள தினமும் பாக்குறோமே" என்றாள். "போதும்ப்பா."

எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒருவர்தான் நிற்கலாம். அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அழுகைகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

காலையில் பெட்டியோடு போய், லீவை அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று சாவியிடம் சொன்னேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி மறுபடி மாட்டினான். பிறகு சும்மா இருந்திருக்கலாம், ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நர்சுகள் நிறுத்தி விசாரித்தார்கள். கேட்டில் நிற்கும் காவலாளி எனக்கு சல்யூட் அடித்தார். அவர் தலைமை டாக்டருக்கே அடிக்கமாட்டார். மேடம் எல்லோரையும் வரவழைத்து டீ கொடுத்து, "இந்த ஆஸ்பத்திரியில இப்படி ஒரு மனுஷன் இருக்கிறதே நமக்குப் பெருமை. இனிமே சீட்டே வேண்டாம், யாருக்கு லீவுன்னு வாத்தியாரே முடிவு பண்ணட்டும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை பேர் கூடி ஒரு திருடனுக்கு மரியாதை செய்கிறார்களே என்று அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

லீவு தொடங்கிய நாள் சாவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா வேலை செய்யும் இடத்தைக் காட்ட வேண்டுமாம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் மோட்டார் அறையில் நான் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பல் இரண்டும் இல்லாத பெண். சக்கரத்தையும் கயிற்றையும் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"கயிறு அறுந்துட்டா?"

"ஆறு கயிறு இருக்கும்மா. ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும்" என்றேன்.

"மத்ததும் அறுந்துட்டா?"

"அதுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு. கெட்டியாப் பிடிச்சுக்கும்."

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். சாவி அவள் தோளை மெதுவாகத் தள்ளி, "மாமாவுக்கு தேங்க்ஸ் சொல்லுன்னு சொன்னேன்ல" என்றான்.

"தேங்க்ஸ் மாமா" என்றாள். பிறகு, அப்பா சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் கேட்டாள். "உங்க பசங்க ரொம்ப அழுதாங்களா?"

என்னால் முடியவில்லை. இத்தனை நாள் பெரியவர்கள் யார் யாரோ புகழ்ந்தபோது தாக்குப்பிடித்தவன், இந்தக் கேள்வியில் உடைந்துவிட்டேன். அவளைக் கம்பிவலை ஓரம் நிறுத்தி, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணச் சொன்னேன். சாவியைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போய், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு சீட்டுலயும் என் பேருதான் எழுதுனேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நான் கிழிச்சுப் போட்டேனே, அது?"

"அதுலயும் என் பேருதான்."

அவன் தன் கையைப் பார்த்தான். அந்தக் கையால்தான் கிழித்தான். கீழே யாரோ பொத்தானை அழுத்த, மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவன் பெண் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ண ஆரம்பித்தாள். அது நின்ற பிறகுதான் அவன் கேட்டான்.

"இத இன்னைக்கு ஏன் சொன்ன?"

"மனசு கேக்கலய்யா. இதுக்கு மேல என்னால—"

"உன் மனசு கேக்கல." கோபமாகச் சொல்லவில்லை. அடிபட்டவன் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னான். "சரி. என் மனசு? உனக்கு இருவது நாள் இருந்துச்சு. குலுக்கின அன்னைக்கே சொல்லியிருக்கலாம். பெட்டி தூக்க வந்தப்ப என் வீட்டு நடுவுல நின்னு சொல்லியிருக்கலாம். அடிச்சிருப்பேன், அடுத்த நாள் சரியாயிருக்கும். இல்ல, நான் திரும்பி வந்த பொறவாவது சொல்லியிருக்கலாம். இன்னைக்குச் சொல்ற. பதினஞ்சு நாள் இவகூட சிரிச்சுக்கிட்டு இருக்கலாம்னு நெனச்சேன். இப்ப இவ தலைய வாரும்போதும் இதையே நெனச்சுக்கிட்டு இருப்பேன். நீ எறக்கி வெச்சுட்ட. தூக்கிட்டுப் போறது நானு."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டான்.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது."

தலையை ஆட்டினான். பெண்ணிடம் போய், "எத்தன சுத்துடா?" என்று கேட்டான். குரலைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாகத்தான் கேட்டான். முப்பத்தொன்று என்றாள் அவள். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் படியில் இறங்கிப் போனார்கள். ஒரு வளைவு திரும்பும் வரை அவள் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனாள். அவன் திரும்பவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மனைவி ஒரு நாள் லீவு போட்டுப் பிள்ளைகளைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போய்விட்டு வந்திருந்தாள். வால் முட்டியில் மண்ணோடு சோஃபாவில் தூங்கிப்போயிருந்தான். பெரியவள் கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"அந்த மாமா வந்தாரா? பாப்பா வந்துச்சா? சந்தோஷமாப் போனாங்களாப்பா?"

மனைவியும் கையில் டீயோடு வந்து நின்றாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே வெளிச்சம். கடல் போச்சு, மலை போச்சு, நான்கு வருடம் காத்திருந்தது போச்சு. அதற்கெல்லாம் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்: தங்கள் வீட்டு மனுஷன் நல்லவன். உண்மையைச் சொன்னால் அதையும் பிடுங்கிக்கொள்வேன். சொல்லாவிட்டால் அதைத் திருடித் தின்றுகொண்டே இருப்பேன். சொல்லாமல் நின்றது அவர்கள்மேல் இருந்த இரக்கத்தாலா, என் கோழைத்தனத்தாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"போனாங்கடா" என்றேன். "ரொம்ப சந்தோஷமாப் போனாங்க."

பெரியவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.